கம்பஸ் பெறுபேறும் குறைவு, ஜிமாட்டும் குறைவு: எம்பிஏக்கு விண்ணப்பிக்கலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

"நான் காரைதீவைச் சேர்ந்தவள். வயது 28. வந்தாறுமூலை கம்பஸில் வியாபார நிர்வாகம் படித்து 2021இல் வெளியே வந்தேன். கிளாஸ் கிடைக்கவில்லை, மொத்த ஜீபிஏ நாலுக்கு 2.58. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்துவிட்டுப் போனதால் முதல் இரண்டு வருடமும் ஆங்கில விரிவுரை விளங்காமல் தத்தளித்தேன். படிப்பு முடிந்ததில் இருந்து சம்மாந்துறையில் ஒரு அரிசி மில்லில் வேலை. கணக்கெழுதத்தான் எடுத்தார்கள். இப்போது நெல் கொள்முதலும் களஞ்சியமும் என் பொறுப்பு. வெளிநாட்டில் முழுநேர எம்பிஏ படிக்க ஆசை. ஹைதராபாத் ஐஎஸ்பி, சிங்கப்பூரில் இன்சியாட் என்ற இரண்டு வணிகக் கல்லூரிகளும் மனதில் இருக்கின்றன. கொழும்புக்குப் போய் எம்பிஏ நுழைவுப் பரீட்சையான ஜிமாட் எழுதினேன், 525 வந்தது. கணிதம் 73, மொழி 79, தரவு 76. கணிதத்தில் கடைசி ஐந்து கேள்வியைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை. இரவு பஸ்ஸில் போய் இறங்கிய கையோடு நித்திரை இல்லாமல் எழுதியதும் ஒரு காரணம். மறுபடி எழுதுவதா, விட்டுவிடுவதா? சுனாமியில் எங்கள் வீடு போனதை எழுதினால் இரக்கப்பட்டு எடுப்பார்கள் என்கிறார் மச்சாள். ஒரு எம்பியிடமோ பேராசிரியரிடமோ சிபாரிசுக் கடிதம் வாங்கச் சொல்கிறார் லண்டனில் இருக்கும் மாமா. ஒன்றும் சரிவராவிட்டால் கொழும்பில் பிஐஎம் இருக்கிறதுதானே? மில்லில் ஈரநெல் வாங்குவதற்கு எக்செலில் ஒரு அட்டவணை செய்து கொடுத்திருக்கிறேன், இப்போது எடை போடுகிற பெடியன்களும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். இதெல்லாம் விண்ணப்பத்தில் போடுகிற விஷயமா தெரியவில்லை."

அன்புள்ள தங்கச்சி,

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 525ஐயும் 2.58ஐயும் வைத்துக்கொண்டு இந்த வருடம் இன்சியாடுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். விண்ணப்பக் கட்டணம் வீண். ஐஎஸ்பிக்கும் இப்போதைய நிலையில் வேண்டாம். ஆனால் எம்பிஏ ஆசையை விடச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வரிகளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இப்போதைய ஜிமாட்டின் அளவு 205 முதல் 805 வரை. உலகம் முழுக்க எழுதுகிறவர்களின் சராசரி 550ஐ ஒட்டி இருக்கும். நீங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. பழைய ஜிமாட்டின் 700க்கு இப்போதைய 645 சமம். நீங்கள் பெயர் சொன்ன இரண்டு கல்லூரிகளிலும் வகுப்பின் சராசரி பழைய கணக்கில் அந்த 700 பக்கம்தான். சராசரி என்றால் அதற்குக் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள்தானே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் ஜிமாட் குறைந்தவரிடம் பெரும்பாலும் நல்ல பட்டப் பெறுபேறு இருக்கும். பட்டம் பிசகியவர் ஜிமாட்டில் ஏறியிருப்பார். ஒன்று மற்றதைத் தாங்கிப் பிடிக்கும். உங்களுக்கு இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதுதான் சிக்கல்.

சேர்க்கைக் குழுவில் இருப்பவர் உங்கள் கோப்பைத் திறந்ததும் அவருக்கு வரும் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான்: முதல் தவணையில் நிதி, புள்ளிவிபரம், கணக்கியல் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும்போது இந்தப் பெண் ஈடுகொடுப்பாரா? நல்லவரா, கஷ்டப்பட்டவரா, திறமைசாலியா என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற கேள்விகள். ஆகவே இனிமேல் விண்ணப்பத்தில் எதைச் சேர்ப்பதென்றாலும் அந்தச் சந்தேகத்துக்கு அது பதில் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லாவிட்டால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது உங்களுக்கு உதவப்போவதில்லை. பதிலும் 2021க்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். பழைய பெறுபேற்றுக்கு எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும் ஒரு புது ஆதாரத்துக்கு ஈடாகாது.

சரி, மறுபடி எழுதுவதா? எழுதுங்கள், கட்டாயம். ஏனென்று உங்கள் புள்ளிகளே சொல்கின்றன. மூன்று பிரிவுக்கும் ஒரே நிறை. ஒரு பிரிவில் ஒரு புள்ளி கூடினால் மொத்தத்தில் ஆறு, ஏழு புள்ளி கூடும். மற்ற இரண்டையும் தொடாமல் கணிதத்தை மட்டும் 73இல் இருந்து 80க்குக் கொண்டுவந்தாலே மொத்தம் 570 பக்கம் போய்விடும். மொழியிலும் தரவிலும் இரண்டிரண்டு புள்ளி சேர்ந்தால் 600ஐத் தொடலாம். 600 என்பது இன்சியாடுக்கு இன்னும் குறைவுதான். ஆனால் 'இவருக்குக் கணிதம் வராது' என்று யாரும் கோப்பை மூடிவைக்கிற புள்ளி அல்ல.

ஐந்து கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். ஜிமாட்டில் பிழையாகப் பதில் சொல்வதை விட, பதில் சொல்லாமல் விடுவதற்குத் தண்டனை அதிகம். கணிதப் பிரிவில் 45 நிமிடத்துக்கு 21 கேள்வி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம். பாதி நேரம் போனதும் எத்தனையாவது கேள்வியில் நிற்கிறோம் என்று பார்க்கப் பழகுங்கள். ஒரு கேள்வி மூன்று நிமிடத்தைத் தாண்டினால் ஏதோ ஒரு விடையைத் தெரிவுசெய்துவிட்டு அடையாளம் போட்டு நகருங்கள். நேரம் மிஞ்சினால் ஒரு பிரிவில் மூன்று பதில் வரை திரும்பிப் போய் மாற்றலாம். இந்த வசதி பழைய ஜிமாட்டில் கிடையாது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில்தான் உண்டு. அதே மாற்றத்தில் கேத்திரகணிதமும் போய்விட்டது. மொழிப் பிரிவில் இலக்கணப் பிழை திருத்தும் கேள்விகளும் இல்லை. கடை கடையாக இன்னும் பழைய வடிவத்துக்கான புத்தகங்கள் விற்கிறார்கள், பார்த்து வாங்குங்கள்.

மிஞ்சியிருப்பது எண்கணிதமும் அட்சரகணிதமும்தான்: வீதம், விகிதம், சராசரி, நிகழ்தகவு, எண்களின் இயல்பு. வணிகப் பிரிவில் படித்தவர்கள் சாதாரண தரத்தோடு கணிதப் பாடத்துக்கு விடைகொடுத்துவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு வருடத் துரு அது. தம்பி தங்கையின் சாதாரண தரக் கணிதப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கேத்திரகணிதத்தை விட்டுவிட்டு மற்றதை முழுக்கச் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கணிதப் பிரிவில் கல்குலேட்டர் கிடையாது, மில்லில் கல்குலேட்டரோடு வாழ்ந்த கை இது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்புறம் ஜிமாட் நடத்துகிறவர்களின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு மாதிரிப் பரீட்சைகள். ஒன்றை இப்போதே செய்து பாருங்கள். மற்றதைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்வரை தொடாதீர்கள்.

எப்போது எழுதுவது என்பதை உங்கள் மில்தான் தீர்மானிக்க வேண்டும். பெரும்போக நெல் வந்து குவிகிற பெப்ரவரி, மார்ச்சில் நீங்கள் புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை. ஏப்ரல் கடைசியில் தொடங்கி, சிறுபோக அறுவடை ஆரம்பிப்பதற்கு முன், ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ எழுதிவிடுங்கள். பிசகினால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து தடவை வரை அனுமதி. ஒவ்வொரு தடவையும் நம் காசில் ஒரு லட்சத்துக்குக் கிட்டப் போகும் என்பதால் மூன்றாவது தடவையை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். புள்ளியைப் பார்த்த பிறகே எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கலாம் என்பதால் குறைந்த புள்ளி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இன்னொன்று, தயவுசெய்து முதல் நாளே கொழும்புக்குப் போய்ச் சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்புங்கள். அம்பாறைக் கரையில் இருந்து இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் குலுங்கிவிட்டு எழுதிய 525ஐ நான் உங்கள் உண்மையான புள்ளியாகவே எடுக்கவில்லை.

ஜிமாட்டுக்குப் பதிலாக ஜிஆர்இ என்ற பரீட்சையை எழுதலாமா என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டையும் ஏற்கும். ஆனால் அதன் மொழிப் பிரிவில் அரிய ஆங்கிலச் சொற்கள் நிறைய வரும். தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு அது இன்னொரு சுமை. ஜிமாட் இரண்டாம் தடவையும் கைவிட்டால் மட்டும் யோசிப்போம்.

அடுத்தது கம்பஸ் பெறுபேறு. 2.58 என்ற ஒற்றை எண்ணை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய பெறுபேற்றுப் பத்திரத்தை வருட வாரியாகப் பார்த்தேன்: 2.1, 2.3, 2.8, 3.1. ஒவ்வொரு வருடமும் ஏறியிருக்கிறது. கடைசி வருடத்தை மட்டும் எடுத்தால் அது கிளாஸ் கிடைக்கிற அளவு. சேர்க்கைக் குழுவினர் மொத்தத்தை மட்டும் பார்ப்பதில்லை, பாடம் பாடமாக வாசிக்கிறார்கள். ஆனாலும் அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை ரிப்பீட் எழுதினால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பெரும்பாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். உங்கள் பத்திரத்தில் இருக்கும் சி-க்களில் இரண்டு அப்படி வந்தவை. ரிப்பீட் விதியையும் தர அளவையும் விளக்கும் ஒரு கடிதத்தைப் பீடத்தில் கேட்டு வாங்குங்கள். கையேட்டில் அந்தப் பக்கம் இருந்தால் அதன் பிரதி போதும். நீங்களாக உட்கார்ந்து 2.58ஐ அமெரிக்க அளவுக்கு மாற்றிப் போடாதீர்கள். பத்திரத்தில் இருக்கிறபடியே எழுதத்தான் கேட்பார்கள்.

இதைச் சொல்வதற்கென்றே விண்ணப்பத்தில் ஒரு சிறு இடம் இருக்கும், விரும்பினால் எழுதலாம் என்று. அதில் பத்து வரி போதும். இந்த மாதிரி: "உயர்தரம் வரை தமிழில் படித்த நான் பல்கலைக்கழகத்தில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் படித்தேன். முதல் இரண்டு வருடப் பெறுபேறு அதனால் பாதிக்கப்பட்டது. மூன்றாம், நான்காம் வருடங்களில் 2.8, 3.1 எடுத்தேன். இரண்டு பாடங்களில் உள்ள சி, மீள் பரீட்சைக்குத் தரப்படும் உச்சத் தரம். அதற்கான விதி இணைக்கப்பட்டுள்ளது." அவ்வளவுதான். மன்னிப்பும் வேண்டாம், விரிவுரையாளர் மேல் குறையும் வேண்டாம். காரணத்தைச் சொல்லி, அந்தக் காரணம் இப்போது இல்லை என்பதைக் காட்டினால் போதும். காட்டுவதற்கு உங்களிடம் ஒன்று இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா? ஜிமாட்டில் உங்கள் மூன்று பிரிவிலும் மேலே நிற்பது மொழிதான். ஆங்கிலத்தால் விழுந்தவர் ஆங்கிலத்தில்தான் அதிகம் எடுத்திருக்கிறார். அதை அந்தப் பத்து வரியில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

மொழிக்கு அந்தப் பதில். கணிதத்துக்கு ஒரு புதுப் பெறுபேறு வேண்டும். ஒன்லைன் சான்றிதழ்கள் பத்தைப் பொறுக்கி அடுக்காதீர்கள். வீடியோ பார்த்து முடித்ததற்குத் தரும் காகிதத்தை யாரும் மதிப்பதில்லை. பரீட்சை வைத்துத் தரம் தருகிற ஒன்றே ஒன்று போதும். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஒன்லைனில் கோர் என்று ஒரு தொடர் நடத்துகிறது. வணிகப் பகுப்பாய்வு, பொருளியல், நிதிக் கணக்கியல் மூன்றும் அதில் வரும், கடைசியில் பரீட்சை உண்டு. எம்பிஏ உலகில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் விலை நம் சம்பளத்துக்குக் கொஞ்சம் அதிகம். நான் உங்களுக்குச் சொல்வது சீமா என்ற கணக்கியல் தொழில்முறைப் பரீட்சை. அதன் முகாமைத்துவக் கணக்கியல் தாள் ஒன்றை எழுதிச் சித்தியடையுங்கள். கணினியில் எழுதும் அந்தத் தாள்களுக்கு வருடம் முழுக்க நாள் எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: முகாமைத்துவப் பட்டதாரி என்று சில தாள்களுக்கு உங்களுக்கு விலக்குத் தருவார்கள். விலக்குக் கிடைத்த தாள் உங்கள் விஷயத்தில் எதையும் நிரூபிக்காது. உட்கார்ந்து எழுதிய தாள்தான் பேசும்.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். "இதெல்லாம் விண்ணப்பத்தில் போடுகிற விஷயமா தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, உங்கள் கோப்பில் இதைவிடப் பெரிய விஷயம் வேறொன்றும் இல்லை.

ஈரநெல் கணக்கு என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், வெளியில் இருப்பவருக்குத் தெரியாது. விளக்க வேண்டும். வயலில் இருந்து நேரே வரும் நெல்லில் ஈரப்பதம் 20 வீதம் என்று வைப்போம். மூடை கட்டி வைக்க 14 வீதத்துக்குக் காய வேண்டும். 1000 கிலோ வாங்கினால் காய்ந்த பிறகு எவ்வளவு இருக்கும்? 20இல் இருந்து 14 போனால் ஆறு வீதம், ஆகவே 60 கிலோ குறையும், 940 கிலோ மிஞ்சும் என்று கணக்குப் போடுகிறவர்கள் மில்களில் இன்றைக்கும் இருக்கிறார்கள். பிழை. 1000 கிலோவில் தண்ணீர் 200, நெல்லின் உலர்ந்த பாகம் 800. காய்ந்த நெல்லில் அந்த 800 கிலோ 86 வீதமாக இருக்க வேண்டும். 800ஐ 0.86ஆல் பிரித்தால் 930. போனது 70 கிலோ. ஆயிரம் கிலோவுக்குப் பத்துக் கிலோ வித்தியாசம், அறுவடை நாளில் எத்தனை லொறி இறங்குகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் அட்டவணை இதைத்தான் செய்கிறது, ஈரப்பதத்துக்கு ஏற்ற விலையை அந்த இடத்திலேயே சொல்கிறது.

ஜிமாட் கணிதத்தில் கலவைக் கணக்கு, ஆவியாதல் கணக்கு என்று வருவதும் இதே கணக்குத்தான். பரீட்சை மண்டபத்தில் உங்களை மிரட்டிய ஒன்றை நீங்கள் மில் முற்றத்தில் எடை போடுகிற பெடியன்கள் பாவிக்கிற அளவுக்கு எளிதாக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். கணிதம் வருமா என்ற சந்தேகத்துக்கு இதைவிடப் பச்சையான பதில் எங்கே கிடைக்கும்?

ஆனால் "எக்செல் அட்டவணை தயாரித்தேன்" என்று சீவியில் ஒரு வரி போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பின்னால் போய் இலக்கங்களை எடுங்கள். அட்டவணை வருவதற்கு முந்தின இரண்டு போகத்தில் வாங்கிய நிறைக்கும் காய்ந்த நிறைக்கும் உள்ள வித்தியாசம், மில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூட இருந்தது? வந்த பிறகு இரண்டு போகத்தில் எவ்வளவு? அதை ரூபாயாக்குங்கள். நெல் விலை ஏறி இறங்கியிருக்கும் என்பதால் இரண்டு காலத்துக்கும் ஒரே விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள், அப்போதுதான் நேர்மையான ஒப்பீடு. விவசாயிக்கு இதனால் என்ன ஆனது என்பதையும் பாருங்கள். கண்மதிப்பில் கழித்த காலத்தைவிட அவருக்கு நியாயமாகக் கிடைத்திருந்தால் அது உங்கள் கதைக்கு இன்னொரு பலம். கிடைக்காவிட்டால் அதையும் மறைக்க வேண்டாம், நேர்முகத்தில் கேட்பார்கள். முதலாளியிடம் அனுமதி கேளுங்கள். இலாபத் தொகையை வெளியே சொல்ல அவர் விரும்பாவிட்டால் வீதத்தில் எழுதலாம். ஒரு இலக்கத்தையும் ஊதிப் பெருப்பிக்காதீர்கள். சிபாரிசு எழுதுகிறவரும் நீங்களும் வேறு வேறு எண்ணைச் சொன்னால் அங்கேயே முடிந்தது.

இன்னொன்றும் உங்கள் கடிதத்தில் மறைந்து கிடக்கிறது. நீங்கள் மில்லில் சேர்ந்த 2021இல்தான் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தார்கள். அந்தப் பெரும்போகம் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் டீசல் வரிசை, மின்வெட்டு. நெல்லே இல்லாத நாளில் எங்கே போய் வாங்கினீர்கள்? லொறிக்கு டீசல் இல்லாதபோது தூரத்து நெல்லை விட்டுப் பக்கத்து நெல்லைக் கூடிய விலைக்கு வாங்குவதா என்று யார் தீர்மானித்தது? எந்தக் கடைக்கு அரிசி கொடுத்து எந்தக் கடைக்கு இல்லை என்றீர்கள்? எம்பிஏ வகுப்பில் இருக்கப்போகிற வங்கிக்காரர்களும் மென்பொருள்காரர்களும் பொருளாதார நெருக்கடியைப் பாடமாகப் படிப்பார்கள். நீங்கள் அதற்குள் இருந்து கொள்முதல் செய்தவர். பிரதான கட்டுரைக்கு இந்த வருடத்தை எடுங்கள். நீங்கள் எடுத்த ஒரு தீர்மானம், கையில் இருந்த தகவல், அதன் விளைவு. பிசகியிருந்தால் பிசகியதையும் எழுதுங்கள்.

மச்சாள் சொன்ன சுனாமிக் கதை? 2004இல் உங்களுக்கு ஏழு வயது இருக்கும். காரைதீவில் அந்தக் காலையைக் கண்ட யாரையும் 'அதைப் பற்றிப் பேசாதே' என்று சொல்ல நான் யார்? அது உங்கள் வாழ்க்கை, விரும்பினால் எழுதலாம். ஆனால் இரக்கத்துக்காக எழுதினால் அது வேலை செய்யாது. வாசிக்கிறவர் இரக்கப்படுவார், பிறகு அடுத்த கோப்பை எடுப்பார். ஏனென்றால் முதல் தவணைக் கணக்கியலுக்கு ஈடுகொடுப்பாரா என்ற கேள்வி அப்படியே நிற்கும். கிழக்கில் இருந்து போகும் விண்ணப்பங்களில் போரும் சுனாமியும் முதல் பந்தியிலேயே வந்து, விண்ணப்பித்தவர் என்ன செய்தார் என்பது கடைசிப் பக்கம் வரை வராமல் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. அந்த இழப்பு நீங்கள் பிறகு எடுத்த ஏதாவதொரு முடிவுக்கு உண்மையிலேயே காரணம் என்றால் இரண்டு வரி எழுதுங்கள். இல்லையென்றால் அது வீட்டுக்குள் இருக்கட்டும்.

மாமாவின் யோசனைக்கு ஒரே பதில்: வேண்டாம். எம்பிக்கு உங்களைத் தெரியாது, அவர் கடிதத்தைப் பார்த்ததுமே அது தெரிந்துவிடும். பல கல்லூரிகள் இப்போது பொதுவான ஒரு சிபாரிசுப் படிவத்தைப் பாவிக்கின்றன. இதே நிலையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணம் சொல்லுங்கள் என்று அதில் கேட்கிறார்கள். இவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான குறை என்ன, அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்றும் கேட்கிறார்கள். இதற்கு உங்கள் முதலாளியால்தான் பதில் சொல்ல முடியும். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது என்றால் என்ன செய்யலாம் என்று விண்ணப்பிக்கும் முன் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் குறைவில்லை. நீங்களே எழுதி அவரைக் கையெழுத்து மட்டும் போடச் சொல்கிற வேலை கூடவே கூடாது. நம் ஊரில் அது சர்வசாதாரணம், அங்கே பிடிபட்டால் விண்ணப்பமே போய்விடும். அவரோடு உட்கார்ந்து நீங்கள் செய்த வேலைகளை நினைவுபடுத்துங்கள், இலக்கங்களை ஒரு தாளில் கொடுங்கள், எழுதுவதை அவரிடம் விடுங்கள். இரண்டாவது ஆளாக மில்லுக்குக் கடன் தரும் வங்கியில் உங்களோடு கணக்குப் பார்க்கும் அதிகாரி பொருத்தம். களஞ்சியக் கையிருப்பை அவருக்குக் காட்டி விளக்குவது நீங்கள்தானே?

கல்லூரிப் பட்டியலைக் கொஞ்சம் அகலமாக்குங்கள். புள்ளி 600 பக்கம் வந்து, சீமா தாளும் கையில் இருந்தால் ஐஎஸ்பிக்குப் போடலாம், தூரத்து ஆசையாக. இன்சியாடை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். மணிலாவில் 1968இல் தொடங்கிய ஏஐஎம் என்ற வணிகக் கல்லூரி, ஜிமாட்டோ ஜிஆர்இயோ இல்லாதவர்களுக்குத் தன் சொந்தப் பரீட்சையை வைக்கிறது. ஆசிய வியாபாரங்களைப் பற்றித்தான் அங்கே பேச்சு, உங்கள் மில் கதைக்கு நல்ல இடம். தரவரிசையை வைத்துக் கல்லூரியைத் தெரிவுசெய்ய வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகள் ஜிமாட்டில் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணமே யுஎஸ் நியூஸ் பட்டியலில் அந்தச் சராசரிக்கும் புள்ளி இருப்பதுதான். பைனான்சியல் டைம்ஸ் பட்டியலில் அது கிடையாது.

பிஐஎம்மை 'ஒன்றும் சரிவராவிட்டால்' என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த பட்டப்பின் நிறுவனம். வேலையில் மேலே போனவர்கள் விரும்பிப் படிக்கிற இடம், அங்கேயும் வடிகட்டித்தான் எடுப்பார்கள். அதோடு ஒரு விஷயம் யோசியுங்கள்: இங்கே ஒரு எம்பிஏ முடித்துவிட்டால் வெளிநாட்டில் முழுநேர எம்பிஏ தருகிற பல கல்லூரிகள் உங்களை எடுக்கத் தயங்கும். ஆகவே எது முதலில் என்று இப்போதே தீர்மானிக்க வேண்டும். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் 'ஜிமாட் தேவையில்லை, உடனே எம்பிஏ' விளம்பரங்களுக்குள் போகுமுன், அந்தப் பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். முகவருக்குக் கமிஷன் தருவது பெரும்பாலும் அந்த நிறுவனமே என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: இந்தக் கிழமை ஒரு மாதிரிப் பரீட்சை. இந்த மாதம் பீடத்துக்கு ஒரு கடிதம். முதலாளியின் அனுமதியோடு நான்கு போகத்து நிறைப் புத்தகங்கள். ஐஎஸ்பி முதல் சுற்று பெரும்பாலும் செப்டெம்பரில் மூடும், அதற்கு முன் கட்டுரையின் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். பரீட்சை எழுதியதும் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதாமல் மூன்று பிரிவையும் எழுதுங்கள். கணிதம் 78ஐத் தாண்டாவிட்டால் ஜிஆர்இ பற்றி அப்போது பேசுவோம்.